நாலு கால் சாட்சி

எந்தக் கேஸாக இருந்தாலும் மேடம் நின்றுகொண்டுதான் விசாரிப்பார். உட்கார்ந்தால் மூளையும் சேர்ந்து உட்கார்ந்துவிடும் என்பது அவர் கட்சி. அந்தத் தையல்காரியிடம் அது செல்லுபடியாகவில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் தைக்காத துணி மலையாகக் கிடந்தது. ஆகவே ஜன்னலோரக் குழந்தைக் கட்டிலில் நாங்கள் இருவரும் ஒண்டிக்கொண்டோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் அவள் மகள் வாயில் விரலோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்ததும் கட்டில் ஒரு பக்கம் சரிந்து முனகியது. ஒரு கால் விரிசல் விட்டிருந்தது. அடியில் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். இதுக்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். தனியார் துப்பறிவாளரான மேடத்துக்குக் கார் ஓட்டுவதும், அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் வேலை. முதல் வேலை நன்றாக வரும்.

தையல்காரி அழவில்லை. அழுது முடித்திருந்தாள். அவள் புருஷன் மரம் வெட்டும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். மினி ஸ்கிட் ஸ்டீயர் என்று அந்த மெஷினுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. கம்பெனியில் எல்லோரும் ‘குட்டி’ என்பார்கள். பெரிய லோடர் நுழைய முடியாத தோட்டத்துக் கதவிலும் அது நுழைந்துவிடும். ஆபரேட்டர் பின்னால் ஒரு படியில் நின்றபடியே ஓட்டுவார். முன்னால் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு இரும்புக் கவ்வி. வெட்டிப் போட்ட அடிமரத்தைக் கவ்விக்கொண்டு ரப்பர் பட்டையில் ஊர்ந்து வரும், புல்தரைக்கு நோகாமல். வேலை முடிந்தால் டிரெய்லரில் ஏற்றி, சங்கிலி போட்டு, லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள்.

போன வாரம் அப்படிப் போகும்போதுதான் இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டி, கொக்கியை முறித்துக்கொண்டு ஓடி, சைக்கிளில் வந்த தபால்காரர் மேல் ஏறிவிட்டது. அவர் அங்கேயே போய்விட்டார். ஆபரேட்டரை உள்ளே வைத்திருக்கிறார்கள். ஏற்றியதும் நான், கட்டியதும் நான் என்று ஒரே வரி வாக்குமூலம். அதற்குப்பின் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு நட்டு லூசா இருந்தாலே அவருக்குத் தூக்கம் வராதுக்கா. அவரா தப்பா ஏத்தினாரு? யாரோ ஏதோ பண்ணியிருக்காங்க. இவரு யாரையோ காப்பாத்தறாரு," என்றாள் தையல்காரி.

யாரை என்று மேடம் கேட்டார். அவளிடம் பதில் தயாராக இருந்தது. கம்பெனியில் மரம் ஏறுகிற ஆள், உச்சி என்று கூப்பிடுவார்கள். விபத்தன்று லாரியில் அவனும் இருந்தான். ஸ்டேஷனில் அவனும் இவரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கிசுகிசுவென்று சண்டை போட்டிருக்கிறார்கள். இவளைக் கண்டதும் இருவரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்களாம். அன்றைக்கு மத்தியானம் தானும் அந்த வேலை நடந்த வீட்டில் இருந்ததாகவும், அப்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்ததென்றும் சொன்னாள்.

அவ்வளவு பெரிய மெஷினைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று நான் பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அவளுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. ரெண்டு லீவர்தான், தையல் மெஷினைவிட சுலபம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்ததும் முகம் ஒரு நொடி மலர்ந்து சுருங்கியது.

"யார்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கக்கா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்," என்றாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது. தையல்காரி கையில் கத்தரிக்கோல் இருப்பது சகஜம்தான். இருந்தாலும் நான் உச்சியின் இடத்தில் இருக்க விரும்பவில்லை.

கம்பெனி கொட்டகையில் டிரெய்லரை அப்படியே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மேலே குட்டி, கவ்வியைத் தளத்தில் வைத்து, தலை குனிந்த மாதிரி நின்றது. நாலு மூலைச் சங்கிலிகளும் இன்னும் விறைப்பாக இருந்தன. மேடம் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார்.

"யாரும் சங்கிலியை அவுக்கல. மெஷின் வச்ச இடத்தை விட்டு நகரவும் இல்ல," என்றார்.

"அப்ப உச்சி தப்பிச்சான்," என்றேன்.

"இந்தக் கேள்வியில தப்பிச்சான்."

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கெட்டவர் இல்லை. கெட்ட பெயர் வந்துவிட்ட பயத்தில் இருந்தார். சங்கிலியில் தப்பே இல்லை, இடத்தில்தான் தப்பு என்று அவரே காட்டினார். டிரெய்லர் தளத்தில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. கவ்வியின் நுனி அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் பாரம் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழும். இப்போது நுனி கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. முழம்தானே என்று நினைக்கக்கூடாது என்றார். சீசா பலகையில் குழந்தை ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் எப்படித் தூக்குகிறதோ, அப்படி. பின்பாரம் ஆகிவிட்டால் லாரியோடு கொக்கி மாட்டுகிற மூக்கு லேசாகிவிடும். சமதரையில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் வேகம் பிடித்ததும் வால் ஆடும். ஆட ஆரம்பித்தால் அப்புறம் கடவுள் விட்ட வழி.

அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று மேடம் கேட்டார்.

"அவனேதான். புது டிரெய்லர் வந்த அன்னைக்கே அளந்து அளந்து பெயின்ட் அடிச்சான். அதைத் தாண்டி ஒரு விரக்கடைகூட நிறுத்தமாட்டான். அதான் எனக்கும் புரியல," என்றார் முதலாளி.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு டிரெய்லரில் ஏறினார். மஞ்சள் கோட்டுக்கும் டிரெய்லரின் மூக்குக்கும் நடுவே மண்டியிட்டு உட்கார்ந்து நகத்தால் எதையோ சுரண்டினார். தளத்தில் நாலு இடத்தில் புதுக் கீறல். கோடு போட்டுச் சேர்த்தால் ஒரு நீள்சதுரம் வரும். அதில் இரண்டு கீறல்கள் மஞ்சள் கோட்டின் மேலேயே விழுந்து பெயின்ட்டைப் பெயர்த்திருந்தன.

"இங்க ஏதோ நாலு கால்ல நின்னிருக்கு."

"ஆடா, மாடா மேடம்?"

"வார்னிஷ் அடிச்ச மாடு," என்று நகத்தைக் காட்டினார். நகக்கண்ணில் பழுப்பாக ஒரு துணுக்கு.

முதலாளி சத்தியம் செய்தார். போலீஸ் வந்து பார்த்தபோது டிரெய்லரில் குட்டியைத் தவிர ஒரு துரும்பும் இல்லை. அப்படியானால் தபால்காரர் விழுந்ததற்கும் போலீஸ் வந்ததற்கும் நடுவில் அந்த நாலு கால் பிராணி எழுந்து நடந்து போயிருக்கிறது. மேடத்தின் கண்ணில் எனக்குப் பழக்கமான ஒரு வெளிச்சம் வந்தது. அது வந்தால் எனக்கு மத்தியானச் சாப்பாடு போகும்.

இறக்கத்து வளைவில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் ஒரு சைக்கிள் சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். சிவப்பு சைக்கிள், பின்னால் தபால் பை மாட்டுகிற கம்பி. யாரும் கேட்காமலேதான் சரி செய்துகொண்டிருந்தார். சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றார். யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லையாம்.

அன்றைக்கு நடந்ததை மேடம் மெதுவாகக் கறந்தார். கூட்டமெல்லாம் தபால்காரரைச் சுற்றி நின்றபோது உயரமாக ஒரு ஆள் கடைக்கு ஓடிவந்து தள்ளுவண்டியை இரவல் கேட்டிருக்கிறான். இடுப்பில் வாரும் வளையமுமாகக் கலகலவென்று சத்தம். டிரெய்லரிலிருந்து எதையோ கவிழ்த்து ஏற்றி, தார்ப்பாயைப் போர்த்தித் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

"நாலு காலும் மேல பார்த்துட்டு இருந்துச்சுங்க. செத்த கன்னுக்குட்டியோன்னு நினைச்சேன். மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுத்தப்போ ஒரு சக்கரம் கோணல்," என்றார் கடைக்காரர். போலீஸிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர்கள் கன்றுக்குட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்றார்.

உயரமான ஆள், இடுப்பில் மரம் ஏறுகிறவனின் வார். உச்சியைத் தேடிப் போனோம்.

ஒரு பள்ளிக்கூட வளாகத்தில், ஏணிக்கெல்லாம் எட்டாத உயரத்தில், கயிற்றில் தொங்கியபடி கைரம்பத்தால் சின்னக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தான். குட்டி இல்லாததால் கீழே இரண்டு பேர் கிளைகளைத் தோளில் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். மேடம் யாரென்று சொன்னதும் ரம்பத்தின் சத்தம் இன்னும் வேகமானது. இறங்கி வரச் சொன்னார். வேலை இருக்கிறது என்று மேலேயிருந்து பதில் வந்தது. நீயாவது ஏறிப் போய்க் கூட்டி வாயேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும்.

மேடம் அடிமரத்தில் சாய்ந்துகொண்டு, கடைக்காரரிடம் விலை கேட்கிற குரலில், மேலே பார்க்காமலே பேச ஆரம்பித்தார்.

"டிரெய்லர்லேருந்து எடுத்த மேஜையை எங்க வச்சே?"

சர் சர்ரென்று ரம்பம் ஓடிக்கொண்டே இருந்தது.

"பெஞ்சோ?"

ரம்பம் ஓடியது.

"கட்டிலா?"

ரம்பம் நின்றது.

ஒரு இலை சுற்றிச் சுற்றி இறங்கி வந்து என் தலையில் உட்கார்ந்தது. ஏதோ சொல்ல நினைத்து அண்ணாந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரிந்து முனகிய கட்டில். விரிசல் விட்ட கால். மடித்த அட்டை. காலையிலிருந்து நாங்கள் தேடி அலைந்த சாட்சியின் மேல்தான் காலையில் உட்கார்ந்திருந்தோம். மேடம் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த வெளிச்சம் அணைந்து போயிருந்தது.

உச்சி கயிற்றில் சறுக்கி இறங்கி வந்தான். வார் வளையத்தைக் கழற்றக்கூட இல்லை.

"போலீஸ்ல சொல்லிடாதீங்க மேடம். அண்ணன் என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு," என்றான்.

அன்றைக்கு வேலை நடந்த வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டதால், ஒரு பழைய குழந்தைக் கட்டிலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஆபரேட்டர் போனில் சொன்னதும் தையல்காரி பஸ் பிடித்து வந்துவிட்டாள். லாரி நிறைய அடிமரத் துண்டுகள். ஆபரேட்டர் குட்டியை டிரெய்லரில் ஏற்றி, கோட்டில் நிறுத்திவிட்டு, சங்கிலி எடுக்கத் தோட்டத்துக்குள் போனார். டிரெய்லரின் மூக்கில் கட்டிலுக்கு இடம் கொஞ்சம் பற்றவில்லை. சின்ன விஷயம். இரண்டு லீவர்தானே? அவளே படியில் ஏறி நின்று, குட்டியை அலுங்காமல் ஒரு முழம் பின்னால் நகர்த்தி, கட்டிலைத் தூக்கிப் பொருத்தி வைத்துவிட்டாள். ஆபரேட்டர் சங்கிலியோடு திரும்பி வந்தபோது கட்டில் மஞ்சள் கோட்டை மறைத்துக்கொண்டு நின்றது. மழை வரும்போல் இருந்ததால் அவசரமாகக் கட்டி, அவளை பஸ்ஸில் அனுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"நான் அப்ப மரத்து உச்சியில இருந்தேன். அண்ணி ஓட்டறதைப் பார்த்தேன். நான் மேலேருந்து கை தட்டினேன் மேடம்," என்றான் உச்சி.

வளைவில் போய் நின்ற டிரெய்லரைப் பார்த்த நிமிஷமே ஆபரேட்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முதலில் தபால்காரரிடம் ஓடினார். அவருக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகுதான் உச்சியின் கையைப் பிடித்தார். கட்டில் இங்கே இருந்தால் யார் வைத்தார்கள் என்று கேட்பார்கள், எடுத்துக்கொண்டு போய் வீட்டில் போட்டுவிடு என்று. ஸ்டேஷனில் நடந்த சண்டையும் இதுதான். உண்மையைச் சொல்லிவிடுவோம் அண்ணே என்று இவன். சொன்னால் இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று அவர்.

கடைசியாக ஆபரேட்டரைப் போய்ப் பார்த்தோம். கம்பிக்குப் பின்னால் ஒடிசலாக, தாடி வளர்ந்து நின்றார். மேடம் கட்டில் என்ற ஒரு சொல்தான் சொன்னார். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் அவருக்கு நம்பிக்கையாக ஏதாவது சொல்ல நினைத்தேன். உண்மை தெரிந்தால் நீங்கள் வெளியே வரலாம் என்றேன். மேடம் தலையை ஆட்டினார். வர முடியாது. வண்டி எடுக்கும் முன் சுற்றி வந்து பார்க்க வேண்டியது ஓட்டுகிறவன் பொறுப்பு. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தால் கோடு தெரிந்திருக்கும். சட்டம் அவரையும் விடாது, அவளையும் கூப்பிடும். சொல்லாவிட்டால் ஒருத்தர் உள்ளே. சொன்னால் இரண்டு பேர். அவ்வளவுதான் கணக்கு.

"சுத்திப் பார்க்காம வண்டி எடுத்தது நான் மேடம். அது என் வேலை. அவ வேலை இல்ல," என்றார் ஆபரேட்டர். பிறகு கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, "அவ ஒரு எறும்பை மிதிச்சாலே ரெண்டு நாள் சொல்லிட்டு இருப்பா. தெரிஞ்சா தாங்கமாட்டா," என்றார்.

திரும்பும் வழியில் நான் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே எனக்கே மறந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ திருடனைப் பிடித்திருக்கிறோம், பொய்யனைப் பிடித்திருக்கிறோம். பிடித்த உண்மையை என்ன செய்வதென்று தெரியாமல் காரில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியது அன்றைக்குத்தான். தபால்காரர் வீட்டிலும் யாராவது இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள், யார் செய்தது என்று. அவர்களுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. கொடுக்கத்தான் முடியவில்லை. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. நான் அழுதேன்.

தையல்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே போனதும் மேடம் நின்றபடியே, என் காதால் நான் கேட்டிராத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"கண்டுபிடிக்க முடியலம்மா."

அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பரவாயில்லைக்கா, நீங்கள் அலைந்ததே பெரிய விஷயம் என்றாள். பிறகு சேதி சொல்கிற உற்சாகத்தோடு, முதலாளி வந்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். புருஷன் வரும்வரை அவர் வேலையை இவளுக்கே தருகிறாராம். நல்ல மனுஷன். திங்கட்கிழமை குட்டியைச் சரி செய்து இறக்குகிறார்கள். முதலாளியே பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பார்.

மேடத்தின் குரல் சட்டென்று உயர்ந்தது. அந்த வேலை வேண்டாம், தையலே போதும், வேண்டுமானால் நானே வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்றார். தையல்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா. அந்த மெஷினைப் பத்தி முழுசாத் தெரிஞ்சாத்தான் அன்னைக்கு யாரு என்ன பண்ணினாங்கன்னு எனக்குப் புரியும். நீங்க விட்டாலும் நான் விடமாட்டேன். எனக்குத்தான் கொஞ்சம் ஓட்டத் தெரியுமே."

திங்கட்கிழமை முதலில் என்ன கற்றுக்கொடுப்பார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முதல்ல ஓட்டறது இல்லையாம். டிரெய்லர்ல எங்க நிறுத்தணும், ஏன் அங்கதான் நிறுத்தணும், அதுதான் முதல் பாடமாம்," என்றாள்.

கட்டிலில் குழந்தை புரண்டு படுத்தது. கால் சரிந்தது. தையல்காரி குனிந்து, அட்டையை இன்னொரு மடிப்பு மடித்து அடியில் செருகி, ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தாள். இப்போது ஆடாது, உட்காருங்கள் என்றாள்.

இந்த முறை அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை. மேடம் தானாகவே உட்கார்ந்தார்.